பூனைக்கும் பறவைக்கும் நடுவில்: மார்கரெட் அட்வூட்டின் எழுத்துகள்

சில வருடங்களுக்கு முன் எங்களூர்த் தோணா குப்பையால் மூடுண்டு வருவது பற்றி ஒரு பத்திரிகைக்கு நான்கு கட்டுரைகள் எழுதினேன். அதன் பின்னர் நடந்த ஒரு நூல் வெளியீட்டில் நான் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவர், தேநீர் வேளையில் என் தோளில் கை வைத்து, "தம்பி, கதை எழுதுற கையால குப்பை அள்ளாதீங்க" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே கிடந்தது. அதற்குப் பிறகு எழுதிய சிறுகதைகள் எதிலும் தோணா வரவில்லை என்பதை வெகுநாள் கழித்தே கவனித்தேன்.

கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வூட்டைப் படிக்கத் தொடங்கியது இதற்குச் சம்பந்தமில்லாமல்தான். மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் அவரது 'ஓரிக்ஸ் அன்ட் கிரேக்' நாவல் கிடைத்தது. ஆசிரியர் கலாசாலையில் தேடிக்கொண்ட ஆங்கிலத்தோடும் ஓர் அகராதியோடும் அதைப் படித்து முடிக்க இரண்டு மாதம் சென்றது. 2000 இலும் 2019 இலும் புக்கர் பரிசு பெற்ற இந்த நாவலாசிரியை சித்திரக்கதையும் எழுதியவர், பறவைகளின் அழிவு பற்றிப் பத்திரிகைகளில் எழுதுபவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பெரும் புகழ் ஈட்டிக்கொடுத்த 'த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். அதை இங்கு விட்டுவிடுகிறேன்.

அட்வூட் 1939 இல் பிறந்தவர். தந்தை காட்டுப் பூச்சிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. ஆகவே சிறுவயதின் பெரும்பகுதி கியூபெக் மாகாணத்தின் வடக்குக் காடுகளில் கழிந்தது. அங்கே பூச்சிகளும் புத்தகங்களும் சித்திரக்கதைகளும்தான் துணை. சிறகு முளைத்த பூனைகளை அந்த வயதிலேயே வரைந்ததாக அவர் எழுதியிருக்கிறார். சித்திரக்கதை அவருக்கு முதுமையில் வந்த பொழுதுபோக்கன்று. 1972 இல் 'சர்வைவல்' என்ற விமர்சன நூலை வெளியிட்டார். உயிர்தப்பிப் பிழைத்திருப்பதே கனடிய இலக்கியத்தின் மையப்படிமம் என்பது அந்நூலின் வாதம். பெரிய விவாதத்தைக் கிளப்பிய நூல். சில வருடங்களில் 'திஸ் மகஸின்' சஞ்சிகையில் பார்ட் ஜெரார்ட் என்ற புனைபெயரில் அவரே ஒரு சித்திரத்தொடரை வரையத் தொடங்கினார். அதன் நாயகி 'சர்வைவல்வுமன்'. பனிமிதி அணிந்த, பறக்கத் தெரியாத ஒரு வீராங்கனை! தனது கனத்த ஆய்வுநூலைத் தானே கேலிச்சித்திரமாக்கிய துணிச்சல் நம் விமர்சகர் எவரிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

'ஓரிக்ஸ் அன்ட் கிரேக்' 2003 இல் வெளிவந்தது. அதற்கான எண்ணம் 2001 இல் வட அவுஸ்திரேலியாவில் பறவை பார்க்கப் போன இடத்தில் உதித்ததாக அட்வூட் சொல்லியிருக்கிறார். கிரேக் என்பது அங்கு அவர் கண்ட ஒரு பறவையினத்தின் பெயர். நாவலிலும், அழிந்துபோன உயிரினங்களின் பெயர்களை வைத்து விளையாடும் ஒரு கணினி விளையாட்டிலிருந்துதான் அந்தப் பாத்திரம் இப்பெயரை எடுத்துக்கொள்கிறது.

கிரேக் எண்களின் ஆள், உயிர்களைப் பிரித்துக் கோர்க்கும் விஞ்ஞானி. அவனது நண்பன் ஜிம்மி சொற்களின் ஆள். வழக்கொழிந்த சொற்களைச் சேர்த்து வைத்து இரகசியமாக நேசிப்பவன். நம்மைப் போன்றவன் என்றே சொல்லலாம். அவனுக்குக் கிடைக்கும் தொழில் விளம்பர வாசகம் எழுதுவது. கடைசியில் கிரேக் தயாரிக்கும் ஒரு மாத்திரைக்கு ஜிம்மிதான் உலகம் முழுவதற்குமான விளம்பரத்தை எழுதுகிறான். மனித குலத்தை அழிக்கும் நோய் அந்த மாத்திரைக்குள் இருக்கிறது. ஜிம்மிக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவன் பெரிதாக முயலவுமில்லை. எல்லாம் முடிந்தபின் கடற்கரை மரமொன்றில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, தன் பழைய சொற்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தபடி இருக்கிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இந்நாவலை விஞ்ஞானத்துக்கு எதிரான எச்சரிக்கையாகவே பலரும் வாசித்திருக்கிறார்கள். எனக்கு அது எழுத்தாளன் மீதான குற்றப்பத்திரிகையாகவே படுகிறது. ஜிம்மியின் சொற்கள் அழகானவை. அவன் கையில் குப்பை படவேயில்லை. மூத்தவர் தேநீர்க் கோப்பையோடு சொன்ன புத்திமதியை அவன் பூரணமாகக் கைக்கொண்டவன்.

2008 இல் அவர் ஆற்றிய 'பேபேக்' விரிவுரைகள் கடன் என்ற எண்ணத்தை ஆராய்கின்றன. கடைசி விரிவுரையில் சார்ள்ஸ் டிக்கன்ஸின் கஞ்சன் ஸ்குரூஜை நம் காலத்துப் பணக்காரனாக்கி, பூமியின் ஆவிகளை அவன்முன் நிறுத்துகிறார். தனதென்று எதுவுமில்லை, உடல்கூட இரவல்தான் என்று அவன் ஈற்றில் உணர்கிறான். நாம் அமானிதம் என்கிற ஒரு சொல்லில் அடக்குவதற்கு அவர் ஒரு முழுப் பேய்க்கதை சொல்லவேண்டியிருக்கிறது! கட்டுரைக்குள் கதை புகும்போது அவர் எழுத்து இப்படி நிமிர்கிறது. கதைக்குள் கட்டுரை புகும்போதுதான் தடுமாற்றம். 'த இயர் ஒஃப் த ஃபிளட்' (2009) நாவலில் ஒரு சூழல்மதக் குழுவினர் சுற்றாடல் எழுத்தாளர் றேச்சல் கார்சனைப் புனிதராக்கிக் கொண்டாடுகிறார்கள். இரசிக்கத்தக்க கற்பனைதான். ஆனால் பிரசங்கங்களும் பாசுரங்களும் மாறிமாறி வர நான் களைத்துப் போனேன்.

இந்தத் தடுமாற்றம் 'ஏஞ்சல் கட்பேர்ட்' (2016–2017) சித்திரக்கதையில் வெளிப்படையாகவே தெரிகிறது. கதை அட்வூட்டினுடையது, ஓவியம் ஜொனி கிறிஸ்மஸ். ஒரு மரபணு விஞ்ஞானி, அவனது பூனை, ஓர் ஆந்தை மூன்றும் விபத்தில் கலந்து ஒருவனாகிவிடுகின்றன. ஒரு குருவியைக் கண்டால் தின்பதா, காப்பதா என்ற பதற்றம் அவனுக்கு. அருமையான முடிச்சு. நாவலாசிரியையின் கை தெரிவது இங்கேதான். ஆனால் எலிமனித வில்லனின் சதிகள் வேகமாக வந்து அதை விழுங்கிவிடுகின்றன. பக்கங்களின் அடியில் 'நேச்சர் கனடா' அமைப்பின் தகவல்கள்: பூனைகள் பறவைகளைக் கொல்கின்றன, அவற்றை வீட்டுக்குள் வையுங்கள் என்று. மேலே கதை ஒரு பக்கமும் கீழே தகவல் இன்னொரு பக்கமுமாக, பேசிக்கொள்ளாத இரு பயணிகள் போலப் போகின்றன.

ஆயினும் இது வீண்போன புத்தகமல்ல என்பதை என் தரம் 8 வகுப்பு காட்டியது. படங்களைக் காட்டி விடயத்தை விளக்கியதும் ஒரு பொடியன் எழும்பினான். "பூனையக் கட்டிவெச்ச பொம்பிள நரகம் போனதெண்டு மதரஸாவில சொல்லித் தந்தாங்களே சேர்?" அந்த ஹதீஸில் குற்றம், உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் அடைத்து வைத்ததுதான் என்றேன். அவன் சற்று யோசித்தான்.

"அப்ப மீன் சந்தைப் பூனைக்கெல்லாம் ஆரு சேர் சாப்பாடு குடுக்கிற?"

அட்வூட்டின் புத்தகத்தின் உண்மையான ஓட்டை இதுதான். ஒவ்வொரு பூனைக்கும் ஒரு வீடும், பூட்டிவைக்க ஒரு கதவும் உண்டு என்று அதன் அறிவுரை எண்ணிக்கொள்கிறது. எங்கள் ஊரில் பூனை எவருக்கும் சொந்தமில்லை, தோணாவைப் போல. முதல் பாகம் இன்னமும் அந்தப் பொடியனிடம்தான் இருக்கிறது. இரண்டாம் பாகத்தையும் கேட்டிருக்கிறான்.