31 சதவீதமும் ஒரு ஸ்டேடியமும்

2019இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. திருப்பலியில் அப்பமும் இரசமும் உண்மையிலேயே இயேசுவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்று நம்பும் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் 31 சதவீதம்தானாம். 69 சதவீதம் பேர், அவை அடையாளங்கள் என்றார்கள். ஆயர்கள் ஆடிப்போனார்கள். 2022இல் அவர்கள் தொடங்கிய 'தேசிய நற்கருணை மறுமலர்ச்சி' இயக்கத்துக்கு இந்த எண் ஒரு பெரிய உந்துதல்.

எனக்கு இதில் இரண்டு சிக்கல் தெரிகிறது. ஒன்று கேள்வியில், இன்னொன்று பதிலில்.

முதலில் கேள்வி. 'மாறுகிறதா, அடையாளமா? ஒன்றைச் சொல்லு' என்கிறது பியூ. கத்தோலிக்க இறையியலில் அருட்சாதனம் என்பதே ஓர் அடையாளம்தான். தான் சுட்டுவதையே கையில் தருகிற அடையாளம். அப்பத்தின் ருசி, நிறம், வடிவம் எல்லாம் அப்படியே இருக்கும், உட்பொருள்தான் மாறும் என்றார் தாமஸ் அக்குவினாஸ். அவரை ஒழுங்காகப் படித்தவர்கூட இந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்சம் தயங்கத்தான் செய்வார். 2022இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த காரா ஆய்வு மையம் வேறு விதமாகக் கேட்டது. 64 சதவீதம் பேர் நம்புவதாக வந்தது. மூணு வருஷத்தில் விசுவாசம் இரட்டிப்பாகிவிட்டதா என்ன? கேட்ட விதம் மாறியது, அவ்வளவுதான்.

அதற்காக பியூவைத் தூக்கிப்போடவும் முடியாது. அந்த 69க்குள்ளே போய்ப் பாருங்கள். 43 சதவீதம் பேர், 'அடையாளம்' என்பதுதான் திருச்சபையின் போதனை என்றே நினைத்திருக்கிறார்கள். போதனை தெரிந்தும் மறுத்தவர்கள் 22 சதவீதம்தான். அதாவது பெரும்பாலானவர்கள் கலகக்காரர்கள் இல்லை. சரியான போதனை அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. வாராவாரம் பூசைக்குப் போகிறவர்களிடம் மட்டும் கேட்டால் 63 சதவீதம் பேர் நம்புகிறார்கள்.

அடுத்து பதில். 2024 ஜூலையில் இண்டியானாபோலிஸ் கால்பந்து ஸ்டேடியத்தில் தேசிய நற்கருணை மாநாடு நடந்தது. 1941க்குப் பிறகு இதுதான் முதல் மாநாடு. ஐந்து நாளில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். நாட்டின் நான்கு திசைகளிலிருந்து பவனி. கதிர்ப்பாத்திரத்தின் முன் அத்தனை பேரும் மௌனமாக முழந்தாளிட்டதைக் கேலி செய்ய மனசு வராது. ஆனால் லீவு போட்டு, காசு செலவழித்து அங்கே வருகிறவர் ஏற்கெனவே நம்புகிறவராகத்தானே இருப்பார்? அந்த 43 சதவீதம் ஸ்டேடியத்துக்கு வரவில்லை. அவர்களில் பலர் ஞாயிறு பூசைக்கே வருவதில்லை.

வரலாறும் இங்கே கொஞ்சம் எச்சரிக்கிறது. இடைக்காலத்தில் நற்கருணையைப் பார்ப்பதில் பக்தி பெருகியது, உட்கொள்வது அருகிப்போனது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாங்குங்கள் என்று 1215இல் லாத்தரன் பொதுச்சங்கம் சட்டம் போட வேண்டியிருந்தது. சர்வதேச நற்கருணை மாநாடுகள் 1881இலேயே பிரான்சின் லீல் நகரில் தொடங்கிவிட்டன. ஆனால் சாதாரண ஜனங்களின் வழக்கத்தை மாற்றியவை பத்தாம் பத்திநாதர் காலத்து இரண்டு ஆணைகள்: அடிக்கடி நற்கருணை வாங்கலாம் என்ற 1905ஆம் ஆண்டு ஆணையும், ஏழு வயது வாக்கிலேயே குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்ற 1910ஆம் ஆண்டு ஆணையும். பந்தியைத் திறந்துவிட்டார், ஜனங்கள் வந்தார்கள்.

கடைசியாக ஒன்று. கொரிந்து சபையைப் பவுல் கண்டித்தபோது, அப்பம் மாறுகிறதா இல்லையா என்பது அங்கே சண்டையே இல்லை. சிலர் வயிறு முட்டச் சாப்பிட, சிலர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள், அதுதான் குற்றம். இனப்பிரிவினைக் காலத்து அமெரிக்கத் தென்மாநிலக் கோயில்கள் பலவற்றில் கறுப்பினத்தவர் பின்வரிசையில் உட்கார்ந்து, வெள்ளையர் எல்லாரும் வாங்கிய பிறகுதான் நற்கருணை வாங்க வேண்டும். முன்வரிசையில் இருந்தவர்களிடம் பியூவின் கேள்வியைக் கேட்டிருந்தால், பெரும்பாலும் 'சரியான' பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மறுமலர்ச்சியை அளக்க 31, 64 என்ற எண்கள் மட்டும் போதாது என்று நான் நினைப்பது இதனால்தான்.