முள்ளு ஏறுது, பாருங்க!

யாரிடமாவது சொல்லியே ஆகணும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது: எங்கள் வீட்டு மகேந்திரா சிஜே-3பி ஜீப்பில் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டியாச்சு! அசல் மெக்கானிக்கல் கேஜ். கருப்பு முகம், வெள்ளை எழுத்து, 0 முதல் 80 வரை. மாட்டிய கையோடு இலுப்பூர் கடைவீதியில் வண்டியை நிறுத்தி, பால் வாங்க வந்தவர், பஸ்ஸுக்கு நின்றவர் என்று ஒருவரையும் விடாமல் உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்!

இந்த வண்டி வந்த வழி அப்படிப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் செய்தார்கள். அவற்றின் டேஷ்போர்டில் பெட்ரோலுக்கு ஒரு முள், தண்ணீர்ச் சூட்டுக்கு ஒரு முள், ஆயில் பிரஷருக்கு ஒரு முள். 1953-இல் வில்லிஸ் கொண்டுவந்தது சிஜே-3பி, 2.2 லிட்டர் ஹரிக்கேன் என்ஜினில் இன்டேக் வால்வு ஹெட்டுக்கு ஏறியதால் என்ஜின் உயர்ந்தது, அதை மூட பானட்டும் உயர்ந்தது. அந்த உயர்ந்த பானட் வண்டியைத்தான் மகேந்திரா நம் ஊரில் பல காலம் செய்தது. எங்கள் வண்டியிலோ ஆயிலுக்கு ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அழுத்தம் கிட்டத்தட்ட செத்த பிறகுதான் அது எரியும். அதற்குள் பேரிங் தேய ஆரம்பித்திருக்கும். முள் அப்படியில்லை, இறங்க ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடும்.

அந்தக் கேஜுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? கரண்டே இல்லை! வளைந்த, தட்டையான ஒரு சின்னப் பித்தளைக் குழாய், அவ்வளவுதான். 1849-இல் பிரான்சில் யூஜின் போர்டன் காப்புரிமை வாங்கிய சங்கதி. திருவிழாவில் ஊதினால் சுருள் விரியுமே ஒரு பேப்பர் பீப்பி, அதே வித்தைதான். அழுத்தம் உள்ளே போனதும் குழாய் நிமிரப் பார்க்கும், அதன் நுனி ஒரு குட்டிப் பல்சக்கரத்தை இழுக்கும், முள் திரும்பும். என்ஜினில் ஓடும் அதே ஆயில் உங்கள் கண்ணெதிரே வந்து நின்று கணக்குச் சொல்கிறது!

பட்டறை அண்ணன் வேலை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஆஹா. பிளாக்கில் விளக்குக்கான சுவிட்சைக் கழற்றி அங்கே ஒரு 'T' வடிவ இணைப்பு போட்டார். ஒரு வாயில் பழைய சுவிட்ச், மறு வாயில் கேஜ் லைன், விளக்கும் போகவில்லை. மரையில் டேப் சுற்றும்போது முதல் சுற்றை வெறுமனே விட்டார், பிசிறு உள்ளே போய் வழியை அடைத்துவிடக் கூடாதாம். என்ஜின் ரப்பரில் ஆடும், பாடி தனியாக ஆடும், அதனால் நேராகக் காப்பர் டியூப் கொடுத்தால் நாளடைவில் விரிசல் விடும் என்று நடுவில் ஒரு துண்டு ஃபிளெக்சிபிள் ஹோஸ், அதன்பிறகு காப்பரில் ஒரு சுருள். சைலன்சர் பக்கமே போகாமல், ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் வாஷர் வைத்து, கேஜ் முதுகில் நட்டை இறுக்கினார்.

இப்போ நினைச்சுப் பாருங்க. சாயங்கால வெயில், பெட்ரோலும் சூடான கிரீஸும் கலந்த வாசனை, அண்ணன் துணியில் கையைத் துடைத்தபடி, "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி, முள்ளை மட்டும் பாருங்க" என்கிறார், நான் சுவிட்சை மிதிக்கிறேன், என்ஜின் கரகரவென்று சுற்றிப் பிடிக்கிறது, முள் அசையவில்லை, டியூபில் ஆயில் நிறைய வேண்டுமே, என் மூச்சும் நின்றுவிட்டது, ஒரு நொடி, இன்னொரு நொடி, அப்புறம் சின்னதாக ஒரு துள்ளல், 10, 20, 30, எழுந்துகொண்டே போய் 50-ஐத் தொட்டு நிற்கிறது, "முள்ளு ஏறுது, பாருங்க, முள்ளு ஏறுது!" என்று பட்டறையே அதிரக் கத்திவிட்டேன், அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொன்னால் நம்புங்கள், ஓர் ஆயில் முள்ளுக்குக் கண்ணீர்! ஆக்சிலேட்டரை அழுத்தினேன், இன்னும் கொஞ்சம் ஏறி அப்படியே நின்றுவிட்டது. பம்பில் ரிலீஃப் வால்வு திறந்து அதிகப்படியைத் திருப்பி விடுகிறது. இத்தனை நாள் காதில் மட்டும் கேட்ட வண்டியின் உள்வேலையைக் கண்ணால் பார்த்தேன்!

கடைவீதியிலிருந்து நேரே விராலிமலை ரோடு. ஓட ஓட ஆயில் சூடாகி இளகியது, முள் மெல்ல 40-க்கு வந்து உட்கார்ந்தது. செம்மண் தடத்தில் இறக்கி, ஃபோர் வீல் லோ போட்டு, பாறைச் சரிவில் ஏற்றினேன். வண்டி சாய்ந்தால் சம்ப்பில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்குமே, பம்பு காற்றைக் குடிக்குமோ என்று முன்பெல்லாம் வயிறு கலங்கும். இன்று முள் அசையவே இல்லை! தூரத்தில் மயில் அகவுகிறது, நான் முள்ளையே பார்க்கிறேன். நிறுத்தி ஐடிலில் விட்டால் 15, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் மறுபடி மேலே. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

லைன் கசிந்தால் கால்மேல் சூடான ஆயில் சொட்டும் என்பார்கள். அவ்வப்போது நட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டால் போயிற்று!

உங்கள் கொட்டகையிலும் பழைய ஜீப் ஒன்று நிற்கிறதா? விளக்கை நம்பி ஓட்டாதீர்கள், முள்ளை மாட்டுங்கள். மனசு வரவில்லையென்றால் இலுப்பூருக்கு வாருங்கள். சாவியைத் தருகிறேன், நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள். முள் எழும்போது நீங்கள் கத்தாமல் இருந்துவிடுவீர்களா, பார்த்துவிடலாம்!