துருவ நிலமும் திணை நோக்கும்: அண்மைக்கால ஆய்வுநூல்கள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஐதராபாத் மாநகரின் மல்காஜ்கிரிப் பகுதிக்கு அருகே, உப்பல் சாலையில், தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அமைந்துள்ளன. முன்னது அண்டார்க்டிகாவின் மைத்ரி நிலையத்தில் நில அதிர்வுப் பதிவகம் அமைத்தது. பின்னதன் அறிவியலாளர் எஸ். சிவாஜியும் அவர்தம் குழுவினரும் மைத்ரி அமைந்துள்ள ஷிர்மாகர் பகுதியின் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த புதிய பாக்டீரிய இனமொன்றை 1992இல் அறிவித்தனர். இரயில்வே, இராணுவப் பணிகளின் வழித் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் செகந்திராபாத் வட்டாரத்தின் அண்மையிலேயே துருவ நிலம் ஆய்வுப் பொருளாகியுள்ளது. எனினும் தமிழில் துருவம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் பயண வீரம், பொது அறிவியல் என்னும் இரண்டு எல்லைகளுக்குள்ளேயே நிற்கின்றன. அந்நிலத்து மக்கள் 'எஸ்கிமோ' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். பிறர் இட்ட அப்பெயரை அம்மக்களுள் பலர் ஏற்பதில்லை. இனுயிட், யூப்பிக் முதலிய தம் பெயர்களையே வழங்குகின்றனர்.

நிலம், உயிர், மக்கள், ஆட்சி ஆகியவற்றை இணைத்து நோக்கும் மூன்று ஆய்வுநூல்களைத் திணைக்கோட்பாட்டின் துணைகொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திணை என்னும் அளவுகோல்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், தெய்வம், உணவு, விலங்கு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாகவும், மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் தொல்காப்பியம் வகுக்கிறது. தனிநாயகம் அடிகள் இயற்கைக்கும் சங்கக் கவிதைக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்தார். நிர்மல் செல்வமணி திணையைச் சூழலியல் திறனாய்வுக்குரிய கோட்பாடாக வளர்த்தார். ஆயினும் திணை ஒரு செய்யுள் மரபு. இனவரைவியல் ஆவணம் அன்று. எனவே பனிநிலத்தை 'ஆறாம் திணை' எனப் பெயரிட்டு அமைவது ஆய்வாகாது. முதல், கரு, உரி ஆகியவற்றுக்கிடையே உள்ள பிணைப்பு எங்கு நிலைக்கிறது, எங்கு அறுகிறது எனக் காண்பதற்கே அக்கோட்பாடு பயன்படல் வேண்டும்.

கடலும் கரையும்

பத்ஷேபா டெமுத் எழுதிய 'மிதக்கும் கரை' எனப் பொருள்படும் 'ஃப்ளோட்டிங் கோஸ்ட்' 2019இல் வெளிவந்தது. அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடைப்பட்ட பெரிங் நீரிணையின் சூழலியல் வரலாற்றை இந்நூல் கூறுகிறது. கடல், கரை, நிலம், நிலத்தடி, பெருங்கடல் என இட அடிப்படையில் இயல்களைப் பகுத்திருப்பது திணை மரபறிந்தோர்க்கு எளிதில் விளங்கும் அமைப்பாகும். இன்யூப்பியாட், யூப்பிக், சுக்சி மக்களின் வாழ்வு திமிங்கிலம், வால்ரஸ், பனிமான் ஆகியவற்றைச் சார்ந்திருந்தமையும், முதலாளித்துவ அமெரிக்காவும் பொதுவுடைமைச் சோவியத்தும் அவ்வுயிர்களைத் தத்தம் கணக்குக்கேற்ப அள்ளிச் சென்றமையும் சான்றுகளுடன் நிறுவப்படுகின்றன. கொள்கையால் எதிரெதிரான இரண்டு அரசுகளும் கருப்பொருளை நுகர்பொருளாக மாற்றுவதில் ஒன்றுபட்டன என்பது இந்நூலின் வலிமையான முடிவாகும்.

எனினும் உயிர்கள் யாவற்றையும் 'ஆற்றல்' என்னும் ஒரே அளவால் ஆசிரியர் இணைப்பது ஒரு வரையறையை உண்டாக்குகிறது. திமிங்கிலத்தை எண்ணெயாகக் கண்ட வணிகர் நோக்குக்கும் ஆற்றலாகக் காணும் ஆய்வு நோக்குக்கும் இடையிலான தொலைவு சில இடங்களில் குறைந்துவிடுகிறது. திமிங்கிலம் அம்மக்களுக்கு உணவு மட்டுமன்று, உறவும் ஆகும் என்பதை ஆசிரியர் அறிவார். ஆயினும் நூலின் கட்டமைப்பு அவ்வுறவினும் கணக்கையே முதன்மைப்படுத்துகிறது எனலாம்.

மக்களில்லா நிலத்தின் ஆட்சி

வடதுருவம் நிலம் சூழ்ந்த கடல். தென்துருவம் கடல் சூழ்ந்த நிலம். வடக்கில் தொன்முது குடிகள் உண்டு, தெற்கில் இல்லை. இவ்வேறுபாடு ஆட்சிமுறையிலும் புலப்படுகிறது. 1996இல் தோன்றிய ஆர்க்டிக் மன்றத்தில் எட்டு நாடுகளுடன் பழங்குடி அமைப்புகள் ஆறு நிலையான பங்கேற்பாளர்களாக இடம்பெற்றுள்ளன. 1959இல் பன்னிரு நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் உடன்படிக்கையிலோ அரசுகளும் அவற்றின் அறிவியலாளர்களுமே பேசுகின்றனர்.

அலெஸ்ஸாண்ட்ரோ அந்தொனெல்லோவின் 'தி கிரீனிங் ஆஃப் அண்டார்க்டிகா' (2019) இவ்வுடன்படிக்கைக்குப் பின் அந்நிலம் பாதுகாக்கத்தக்க சூழலாக உருப்பெற்ற வரலாற்றை ஆராய்கிறது. 1964ஆம் ஆண்டின் உயிரினப் பாதுகாப்பு நடவடிக்கைகள், 1972ஆம் ஆண்டின் கடல்நாய்ப் பாதுகாப்பு ஒப்பந்தம், 1980ஆம் ஆண்டின் கடல்வாழ் உயிர்வள ஒப்பந்தம் என அவ்வரலாறு வளர்கிறது. இறுதியாகக் கூறிய ஒப்பந்தம் கிரில் என்னும் சிற்றுயிரை மட்டுமன்றி அதனை உண்டு வாழும் திமிங்கிலம், பென்குவின் ஆகியவற்றையும் ஒருசேரக் கருதுவது குறிப்பிடத்தக்கது.

இந்நூல் உடன்படிக்கை நாடுகளின் அவைக்குள்ளிருந்தே எழுதப்பட்டுள்ளது. 1956இல் இந்தியா அண்டார்க்டிகா குறித்த வினாவை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுசெல்ல முயன்றது இதன் மையப்பொருளாக அமையவில்லை. பின்னர் 1983இல் இந்தியா உடன்படிக்கையில் இணைந்தது. 2022இல் தனக்கெனச் சட்டமும் இயற்றியது. அவைக்கு வெளியே நின்று வினவிய நாடு அவைக்குள் உறுப்பினரான இம்மாற்றம் இந்திய ஆய்வாளர் எழுதவேண்டிய இயலாகும்.

முல்லையும் பனிமான் மேய்ப்பரும்

பியர்ஸ் விட்டெப்ஸ்கியின் 'ரெயின்டீர் பீப்பிள்' (2005) சைபீரியாவின் ஈவெனி மக்களைப் பற்றியது. பனிமான் மந்தையுடன் குடும்பமாக அலைந்த இம்மக்களின் வாழ்வைச் சோவியத் ஆட்சி மாற்றியமைத்தது. மேய்த்தல் ஆடவரின் ஊதியத் தொழிலாயிற்று. பெண்டிர் பலர் ஊர்களில் குடியமர்த்தப்பட்டனர். சிறுவர் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர்.

மேய்ச்சல் நிலமாகிய முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தலைவியின் காத்திருப்புக்குக் கார்காலம் எல்லையாகிறது. பருவம் வந்ததும் தலைவன் மீள்வான் என்னும் நம்பிக்கையே அவளை ஆற்றியிருக்கச் செய்கிறது. ஈவெனி மகளிரின் பிரிவோ பருவத்தால் அமைந்ததன்று. அலுவலக ஆணையால் அமைந்தது. ஆகவே அதனைத் தீர்க்கும் பொழுதும் இல்லை. நிலமும் மந்தையும் இருந்தும், முதற்பொருளுக்கும் உரிப்பொருளுக்கும் இடையிலான பிணைப்பு இங்கு அறுந்துவிட்டது. முல்லையைக் கற்றவர்க்கு இந்நூலின் துயரம் தெளிவாகப் புலப்படும் இடம் இதுவேயாகும். மேற்கூறிய இரண்டு நூல்களிலும் குறைவாக உள்ள உரிப்பொருள் இங்கு முழுமை பெறுகிறது.

இவ்வாசிரியரே ஒடிசாவின் சவரர் எனப்படும் சோரா மக்களிடையே பல்லாண்டுகள் களஆய்வு செய்தவர். இறந்தோருடன் உரையாடும் அவர்தம் மரபையும் அதன் மறைவையும் குறித்த 'லிவிங் விதவுட் த டெட்' என்னும் நூலை 2017இல் வெளியிட்டார். அச்சோரா மொழிக்குத் தெலுங்கறிஞர் கிடுகு இராமமூர்த்தி இயற்றிய கையேடு 1931இல் சென்னையில் அச்சேறியது. சைபீரியாவை அறிய உதவும் களஅறிவு நம் அண்டை மலைகளிலும் உருவாகியுள்ளது என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

பாலை தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலை எனச் சிலப்பதிகாரம் உணர்த்துகிறது. கடற்பனி குறைந்துவரும் ஆர்க்டிக்கில் இன்று நிகழ்வதும் நிலத்தின் இயல்புத் திரிபே. அத்திரிபில் வெப்பத்தோடு வணிகத்துக்கும் ஆணைக்கும் பங்குண்டு என்பதை இந்நூல்கள் காட்டுகின்றன. டெமுத் கருப்பொருளின் அழிவையும், அந்தொனெல்லோ அதன் காப்பையும், விட்டெப்ஸ்கி உரிப்பொருளின் சிதைவையும் விளக்குகின்றனர். இவற்றுள் விட்டெப்ஸ்கியின் இரு நூல்களும் தமிழாக்கம் பெறுதல் முதற்கண் வேண்டற்பாலது. அம்மக்களை அவர்தம் பெயராலேயே சுட்டும் வழக்கம் பாடநூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் நிலைபெறுதல் அதனோடு ஒருங்கு செய்யத்தக்க பணியாகும்.