வன்னி வெயிலில் ஐசிங் பூ

கிளிநொச்சி வெயிலுக்கும் பட்டர் ஐசிங்குக்கும் ஒத்துவராது. 32 பாகை செல்சியஸ் தாண்டினால் பட்டர் உருகத் தொடங்கும். சித்திரை, வைகாசிப் பகல்கள் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதனால் சிலர் கொஞ்சம் மாஜரீனும் சேர்த்து அடிப்பார்கள். ருசி குறையும், என்ன செய்வது, பூ நிற்கவேண்டுமே!

பார்க்கவேண்டியது ஃபொண்டன்ட் வேலையைத்தான். ஐசிங் சீனியை ஜெலட்டினோடு பிசைந்த உருண்டை அது. சோளமா தூவி மெல்லிசாக உருட்டி, அச்சால் வெட்டிய இதழின் ஓரத்தை விரல்நுனியால் நசுக்கினால், செவ்வரத்தை மாதிரி நெளியும். முதல்நாளே செய்து காற்றில் காயவிடவேண்டும். கேக்கில் வைப்பது கடைசி மணித்தியாலத்தில். முந்தினால் ஐசிங்கின் ஈரம் ஏறி இதழ் தொய்யும். பிறிட்ஜில் வைத்தெடுத்தாலோ வியர்த்து, சிவப்புச் சாயம் வெள்ளையில் வழியும். சாமத்தியவீட்டுக் கேக் என்றால், வீடியோவில் அது அப்படியே விழும்.

கேக்கை வெட்டியபின் பெரியவர்கள் பூவை ஒதுக்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்குச் சண்டையே அதற்குத்தான்.