தாய்க்கப்பலும் பின்னால் வரும் கிழட்டுக் கப்பலும்

2025 ஜூன் 9 காலை எம்.எஸ்.சி. ஐரினா என்ற கன்டெய்னர் கப்பல் கேரளத்தின் விழிஞம் துறைமுகத்தில் கரையணைந்தபோது, இழுவைக் கப்பல்கள் தண்ணீரைப் பீய்ச்சியடித்து வரவேற்றன. நீளம் 399.9 மீட்டர். ஒரே நடையில் 24,346 பெட்டிகள் ஏற்றலாம். 1956இல் கன்டெய்னர் யுகத்தைத் தொடங்கிவைத்த ‘ஐடியல் எக்ஸ்’ சுமந்தது வெறும் 58 பெட்டிகள்!

இப்படி ஊதிப் பெருப்பதற்குக் காரணம் எளிய கணக்குதான். கப்பல் நாற்பது மடங்கு பெருத்தாலும் மாலுமிகள் நாற்பது மடங்கு தேவைப்படுவதில்லை. பெட்டிக்கு ஆகும் எண்ணெய்ச் செலவும் இறங்குகிறது. அப்படிப்பட்ட கப்பலுக்கு ஆழம் வேண்டும். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள விழிஞத்தில், கரையோரத்திலேயே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம்; சர்வதேசக் கப்பல் பாதையோ பத்துக் கடல்மைல் தூரத்தில். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இறக்கி மாற்றிக்கொண்டிருந்த இந்தியச் சரக்குக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம். கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்தபடி கிரேன் இயக்குபவர்களில் அந்தப் பகுதிப் பெண்களும் இருக்கிறார்கள். இதெல்லாம் மெய்யான ஆதாயம்தான், மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ராட்சதக் கப்பல் எல்லா ஊருக்கும் போகாது. ஓரிடத்தில் கொட்டிவிட்டுப் போகும். அங்கிருந்து பெட்டிகளைச் சில்லறையாகக் கொண்டுசேர்ப்பவை ஃபீடர் கப்பல்கள். அவற்றில் பல பழசு.

ஐரினா வருவதற்குப் பதினைந்தே நாள் முன்பு, மே 25 அன்று, விழிஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. 1997இல் கட்டியது, 184 மீட்டர். ஏறத்தாழ 640 பெட்டிகள். அவற்றில் 13 ஆபத்தான சரக்கு. பணியாளர்கள் 24 பேரும் பிழைத்தது பெரிய ஆறுதல். ஆனால் பெட்டிகளிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரையில் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கின. பருப்பு அளவுதான் இருக்கும். அதை மணலிலிருந்து பிரிக்க இயந்திரம் பெரிதாக உதவாது; தன்னார்வலர்கள் சல்லடையும் முறமுமாகக் குனிந்து அரித்தார்கள். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்து மூழ்கியபோது இலங்கைக் கரை பட்ட பாடும் இதேதான். அதுவும் ஃபீடர் கப்பல். ஆனால் புத்தம் புதிது. எனவே வயதின்மேல் மட்டும் பழி போட முடியாது.

நஷ்டத்தை யார் தாங்குவது? கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர்நீதிமன்றம் போனது. எல்சாவின் உரிமையாளரான எம்.எஸ்.சி. நிறுவனத்தின் இன்னொரு கப்பலான எம்.எஸ்.சி. அகிட்டேட்டா 2 விழிஞத்திலேயே நீதிமன்ற உத்தரவால் சிறைபிடிக்கப்பட்டது. 1,227 கோடிக்குப் பிணை கட்டினால்தான் விடுவிப்பு என்று பின்னர் தீர்ப்பானது. வலை வீச முடியாமல் நின்ற மீனவக் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த உடனடி நிவாரணமோ ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும். ஆதாயம் பெட்டிக் கணக்கில், நஷ்டம் குடும்பக் கணக்கில் என்று பிரிந்துகிடப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை.

2022இல் மீனவர்கள் துறைமுக வாசலை மாதக்கணக்கில் மறித்ததும் இந்தப் பிரிவினையால்தான். திருவனந்தபுரத்தின் வலியதுறையில் கடல் வீடுகளைக் கொண்டுபோனதற்குத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரே காரணம் என்கிறார்கள் அவர்கள். அரசுத் தரப்பு ஒக்கி உள்ளிட்ட புயல்களைக் காட்டுகிறது. யார் சொல்வது சரியென்றாலும், வீடிழந்து சிமென்ட் குடோனில் வருடக்கணக்கில் குடியிருந்தவர்கள் மீனவர்களே.

ஆகவே, பெரிய கப்பல் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் பயனற்றது, வந்தாகிவிட்டது. ராட்சதக் கப்பலை வரவேற்கும் துறைமுகம், அதன் சில்லறையைச் சுமக்கும் ஃபீடர் கப்பலின் நிலைமையையும் பெட்டிக்குள் இருப்பதையும் புறப்படும் முன் சோதித்தாக வேண்டும். காப்பீட்டுத் தொகை கரையோர மக்களுக்கும் போதுமா என்று பார்த்தாக வேண்டும். அடுத்த கட்ட விரிவாக்கத்தில் 800 மீட்டர் கப்பல்துறை 2,000 மீட்டராக நீளப்போகிறது. அலைதடுப்புச் சுவரும் கூடவே நீளும், அதற்குக் கல் வேண்டும். முதல் கட்டத்துக்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் குவாரிகளிலிருந்தும் கல் போனது. டாரஸ் லாரிகளால் சாலை பாழாகிறது என்று குமரி மக்கள் போட்ட சண்டையை விழிஞத்தின் வரவு செலவில் எந்தப் பக்கம் எழுதுவது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.