தேறாத பிரதி

சென்னை விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சிறிது நேரத்தில் மண்ணடி. இறங்கிக் கிழக்கே நடந்தால் துறைமுகம். அங்கே கணக்குப் பிரிவில் 1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். ஒரு பிரதி தேறவில்லை என்றால் அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிகப் பெரிய விடை அவருடைய தாள்களில்தான் இருக்கிறது. அவர் எழுதியது கணிதம் என்பதால் இலக்கியக்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. எளிதாக வந்துவிடவில்லை. சொல்ல வந்தது விளங்கவில்லை என்று இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் திருப்பி அனுப்புவதும், ராமானுஜன் திருத்தி அனுப்புவதுமாகப் பலமுறை நடந்தது. 1913 ஜனவரி 16 தேதியிட்டு அவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும் பிழைகள் உண்டு. அதில் ஒரு சூத்திரம், குறிப்பிட்ட தொடர் ஒன்றின் கெழுக்களை மிக அருகிலுள்ள முழு எண்ணாகத் தரும் என்றார். தரவில்லை. தோராயம் நன்றாக இருந்தது, துல்லியம் என்று சொன்னதுதான் தவறு. ஹார்டி அதை ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். மாறாக, இந்தத் தவறான கூற்றிலிருந்தே பிரிவினைகள் குறித்த இருவரின் கூட்டு ஆய்வு கிளைத்தது. ராமானுஜன் சொன்னவற்றில் பெரும்பயன் தந்தவற்றுள் இதுவும் ஒன்று என்று ஹார்டியே பிற்பாடு எழுதினார். 1918இல் அச்சான அந்த ஆய்வின் சூத்திரம், 200 என்ற எண்ணைக் கூட்டல்களாகப் பிரிக்கும் வழிகள் எத்தனை என்பதைக் கிட்டத்தட்டப் பிசகின்றிச் சொன்னது. கணித அறிஞர் மெக்மஹான் கையால் கணக்கிட்டு எடுத்த விடை 39,72,99,90,29,388.

பிழையும் கண்டுபிடிப்பும் ஒரே வரியில் இருந்தன. பிரித்துப் பார்க்க இன்னொருவர் தேவைப்பட்டார். இலக்கியத்திலும் இப்படித்தான். எலியட்டின் 'பாழ்நிலம்' கவிதை 1922இல் வெளிவருமுன் எஸ்ரா பவுண்ட் அதில் எவ்வளவு வெட்டினார் என்பதை 1971இல் கைப்பிரதிகள் அச்சான பிறகு உலகமே பார்த்தது.

தமிழில் நாம் பாடபேதம் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் ஏட்டுச் சுவடிகளுக்குத்தான். நவீன எழுத்தாளரின் அடித்தல் திருத்தல்களையும் அந்த மரியாதையோடு வாசிக்கலாம் என்பது பின்னால் வந்த எண்ணம். அச்சேறாத, தொகுக்கப்படாத புதுமைப்பித்தன் எழுத்துகளை ஆ.இரா. வேங்கடாசலபதி 1998இல் 'அன்னை இட்ட தீ' என்று தொகுத்தார். தலைப்பைத் தந்த நாவலே முற்றுப்பெறாதது. எழுத்தாளர் முடிக்காததை ஏன் அச்சிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர் எந்த இடம்வரை போக முடிந்தது என்பதை வேறு எங்கே தெரிந்துகொள்வது? எனக்கு அந்தத் தொகுப்பு அவருடைய முடிந்த கதைகளை மறுபடி படிக்கக் கற்றுக்கொடுத்தது.

சுந்தர ராமசாமியின் 'புளியமரத்தின் கதை' விஜயபாஸ்கரன் நடத்திய 'சரஸ்வதி' இதழில் தொடராகத் தொடங்கி, பாதியில் நின்றுபோனது. நாவல் 1966இல்தான் முழுமையாக வந்தது. பாதியில் நிற்பதைத் தோல்வி என்று எண்ணுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பிரதியைப் பார்க்கும் வழக்கத்தை 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தில் அதன் நிறுவனர் ராமகிருஷ்ணன் வேரூன்ற வைத்தார். அந்த வழக்கம் இன்னும் பரவலாகவில்லை என்பது நம் பதிப்புலகின் பெருங்குறை.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து இளைஞர்கள் படிக்கத் தரும் முதல் பிரதிகளில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பத்திரிகைத் தமிழில், எங்கோ பார்த்த காதலை எழுதியிருப்பார்கள். நடுவில் எதிர்பாராமல் ஒரு பத்தி வரும்: கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் கையால் இறால் துழாவும் அம்மா, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த துணி, ஷிப்டு முடிந்து வரும் அப்பாவின் வசவு. அந்தப் பத்தியில் மொழி தானாக வீட்டுப் பேச்சுக்கு மாறிவிடும். எழுதியவருக்கு அதுதான் கூச்சம் தரும் இடம். அடுத்த படியில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

அந்த இடத்திலிருந்து கதையைத் தொடங்கச் சொல்கிறேன். மற்றப் பக்கங்களைப் பிறகு வேறு கண்ணோடு பார்க்கலாம். அவற்றிலிருந்து ஒரு பெயரோ ஒரு தெருவோ தேறலாம். இப்போது பலரும் கைப்பேசியிலேயே எழுதுகிறார்கள். அதில் அடித்த வரி கண்ணுக்குத் தெரிவதில்லை, அழித்தால் அழிந்ததுதான். ஒவ்வொரு படியையும் தேதியிட்டுத் தனியே சேமியுங்கள், திருத்துவதை நகலில் திருத்துங்கள் என்று அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுவருகிறேன்.