ஒற்றை ங்

கொங்கு நாட்டுக் குண்டடம் சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுகிறவர்கள் நடுவே கண்ணை மூடிக்கொண்டு சற்று நில்லுங்கள். "ஏனுங், இது எத்தனை பல்லுங்?" "ரெண்டு பல்லுங்." "வெலை சொல்லுங்." ஒவ்வொரு பேச்சும் கடைசியில் மூக்குக்குள் போய் மெல்ல அடங்கும்.

எழுத்துத் தமிழில் அங்ஙனம், இங்ஙனம் போன்ற சில சொற்களை விட்டால், ங் எப்போதும் க-வைக் கூட்டிக்கொண்டுதான் வரும். சொல்லின் ஈற்றில் நிற்கும் மெய்களை நன்னூல் எண்ணிச் சொல்கிறது. அதில் ங் இல்லை. குண்டடத்தில் அது ஈற்றில்தான் குடியிருக்கிறது.

வந்த வழியைப் பாருங்கள். 'சொல்லும்' என்பதோடு 'கள்' சேர்ந்தபோது, பின்னால் வரும் க-வுக்காக ம் தன் உருவை மாற்றி ங் ஆனது: சொல்லுங்கள். பேச்சில் ள் உதிர்ந்தது: சொல்லுங்க. பல ஊர்கள் அதோடு நின்றுவிட்டன. கொங்கு நாக்கு க-வையும் உதிர்த்தது. யாருக்காக மாறியதோ அந்தக் க போன பிறகும் ங் பழைய ம்-முக்குத் திரும்பவில்லை. எனக்கு இது தீராத வியப்பு. அந்த ங் இன்று வினைச்சொல்லை விட்டு இறங்கி 'பல்லு'க்கும் 'ஆமா'வுக்கும்கூட மரியாதை சேர்க்கிறது.

உச்சரிப்பில்தான் அழகு. அடிநாக்கு மேலே ஒட்டியபடியே இருக்க வேண்டும். விட்டால் க் வந்துவிடும். தெற்கிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் 'ங்க' என்று அழுத்துவார்கள். நாளாக ஆக, க தானே கரைந்துவிடும்.

பிலிப்பைன்ஸின் தகலோக் மொழிக்கு இந்த ஒலி தண்ணீர்பட்ட பாடு. 'ஙயோன்' என்றால் இப்போது. 'இலோங்' என்றால் மூக்கு. மூக்கின் பெயரே மூக்கில் முடிகிறது! பெரியவர்களிடம் பேசும்போது 'போ' என்று ஓர் ஒட்டும் சேர்ப்பார்கள்: அவர்களின் 'ஓபோ', நம் 'ஆமாங்'. நம் மாங்காயும் மலாய் வழியாக அங்கே போய் 'மங்கா' ஆகியிருக்கிறது. அதில் ங்-கும் க-வும் இன்னும் பிரியவில்லை.

தாராபுரம் பக்கத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம், 1942-இல் வந்த 'நாகம்மாள்' நாவலில் இந்த மண்ணின் பேச்சை எழுத்தில் ஏற்றினார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். ஆனாலும் இந்த ங்-கைக் காதால்தான் முழுதாக வாங்க முடியும். அச்சில் பார்க்கும் வெளியூர்க்காரர் எழுத்து விட்டுப்போனதாக நினைப்பார்.

சந்தையை விட்டு வரும்போது பஸ் நிறுத்தத்தில் ஓர் ஆத்தா, நாலு வயசுப் பேரனைக் கூப்பிட்டார்: "வாங் சாமி, பஸ்ஸு வந்திருச்சுங்."

பொரி தின்றுகொண்டிருந்த பையன் நிமிராமலே சொன்னான்: "வரலீங்."